மணிக்கணக்கும் மனக்கணக்கும்

வேலை மிகுந்து களைத்தவர்களை நாம் நிறையக் கண்டிருக்கிறோம். வேலை குறைந்து களைத்துப்போனவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அத்தகையோரும் நம் இல்லங்களில் இருக்கிறார்கள். வளைகுடாவில் இருபது ஆண்டுகள் ஓடியாடி உழைத்துவிட்டு ஊர் திரும்பிச் சிறு கடையில் அமர்ந்திருப்பவர், நகரத்துப் பரபரப்பை விட்டுச் சிற்றூர் அலுவலகம் ஒன்றில் சேர்ந்தவர் என்று பலர். 'இனி நிம்மதிதானே!' என்று சுற்றத்தார் வாழ்த்துவார்கள். அவர் முகத்தில் மட்டும் நிம்மதி இராது. அந்நிலையைக் கடந்து வந்தவன் என்ற முறையில் என் அனுபவத்தை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

இன்று மதரஸாவில் தமிழும் பொதுப் பாடங்களும் கற்பிக்கும் நான், வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்றபின் ஒன்பது ஆண்டுகள் சென்னையில் ஒரு விளம்பர ஏஜென்சியில் வாசகம் எழுதுபவனாகப் பணியாற்றினேன். காலையில் சோப்பு, நண்பகலில் நகைக்கடை, மாலையில் அடுக்குமாடி வீடு என்று ஒரே நாளில் மூன்று முதலாளிகளுக்காக எழுத வேண்டும். பத்திரிகைகளில் விளம்பர இடம் வாங்கித் தருவதற்குக் கிடைக்கும் 15 விழுக்காடு தரகே நெடுங்காலம் ஏஜென்சிகளின் வருமானமாக இருந்தது. அது தேய்ந்து, மாதக் கட்டணமும் மணிக்கணக்கும் அதன் இடத்தைப் பிடித்தன. எந்த மணி நேரம் எந்த வாடிக்கையாளருக்குச் செலவாயிற்று என்று அன்றாடம் டைம் ஷீட்டில் எழுதித் தர வேண்டும். கணக்கில் ஏறாத மணி வீணான மணி. இந்த எண்ணம் ஒன்பது ஆண்டுகளில் என் இரத்தத்தில் ஊறிவிட்டது.

2013ஆம் ஆண்டு, ஆம்பூர்ப் பகுதியில் ஒரு தோல் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் சேர்ந்தேன். மகளுக்கு அப்போது மூன்று வயது. விழித்திருக்கும் வேளையில் அவள் என்னைக் காண்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே என்ற நிலையே அம்முடிவுக்குக் காரணம். சம்பளம் சற்றுக் குறைவு. மாலை ஆறு மணிக்கு அலுவலகம் மூடிவிடும்.

தோல் தொழிலின் கடிகாரம் வேறு. ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றைக் கொண்டு பழைய முறையில் பதனிட்டால் ஒரு தோல் தயாராக வாரக்கணக்கில் ஆகும். குரோமிய முறை வந்தபின் அது ஓரிரு நாள் வேலையாகச் சுருங்கியது. ஆயினும் ஐரோப்பிய வணிகர்கள் கோடைக்கும் குளிருக்கும் வேண்டிய காலணிகளைப் பல மாதங்களுக்கு முன்பே தீர்மானிப்பார்கள். ஆகவே நான் எழுத வேண்டிய விலைப்பட்டியலுக்கும் மாதக்கணக்கில் அவகாசம் இருந்தது. முற்பகல் பதினொரு மணிக்கே அன்றைய வேலை முடிந்துவிடும். எழுதியதை மேலாளரிடம் கொண்டுபோனால், "அடுத்த வாரம் பார்ப்போமே" என்பார்.

முதல் மூன்று மாதங்கள் பெரும் சோதனை. தொலைபேசி ஒலிக்காதா என்று ஏங்கினேன். 'என்னைத் தேட ஆளில்லை, நான் தேவைப்படாதவன்' என்ற நினைவு இரவில் உறக்கத்தைக் கெடுத்தது. ஒரு மாலை என் மனைவி தேநீரை வைத்துவிட்டு, "மச்சான், ஆறரைக்கே வீட்டுக்கு வந்துடுறீங்க. ஆனா நீங்க இன்னும் வந்து சேரலையே!" என்றாள். அதற்கு என்னிடம் விடையில்லை.

ஏஜென்சிக்காரர்களிடையே ஓர் எண்ணம் உண்டு. நிறுவனத்தின் உள்ளே இருந்து எழுதுவது இரண்டாம்தர வேலை என்பார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. புகழ்பெற்ற லிண்டாஸ் என்னும் பெயரே 'லீவர் இன்டர்நேஷனல் அட்வர்டைசிங் சர்வீசஸ்' என்பதன் சுருக்கந்தான். சோப்பு நிறுவனத்தின் சொந்த விளம்பரப் பிரிவாகத் தொடங்கிய அது, பின்னர் ஊரறிந்த ஏஜென்சியாயிற்று. 1980ஆம் ஆண்டு அகமதாபாத்தில் தோன்றிய முத்ராவும் ரிலையன்ஸ் நிறுவனத்தின் 'விமல்' துணிகளுக்கு எழுதியே வளர்ந்தது.

எனினும், உள்வேலையில் ஓர் ஆபத்து உண்டு. வரலாற்றுப் பேராசிரியரான நார்த்கோட் பார்க்கின்சன் 1955ஆம் ஆண்டு 'எக்கனாமிஸ்ட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறதோ அவ்வளவுக்கு அவ்வேலை வீங்கிப் பெருகும் என்பது அவர் கண்ட விதி. ஒரு மணி நேரக் கடிதம் ஒரு நாளைத் தின்றுவிடும். அதைத் தவிர்க்க, மேலாளர் கேளாமலே ஒவ்வொரு வேலைக்கும் நானே ஒரு முடிவுநாள் குறித்துக்கொண்டேன். மிஞ்சிய நேரத்தில் பதனிடும் கூடத்திற்குள் சென்று தொழிலைக் கற்கலானேன்.

அங்கேதான் நான் செய்ய வேண்டிய வேலை காத்திருந்தது. தோலில் முடி நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவு நீர் அமிலத்துடன் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு கிளம்பும். காற்றைவிடக் கனமான அது தொட்டியின் அடியில் தங்கிவிடும். சிறு அளவில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அளவு மிகுந்தாலோ முகரும் ஆற்றலையே மரக்கச் செய்துவிடும். 'நாற்றம் இல்லை, ஆபத்தும் இல்லை' என்று எண்ணி இறங்குபவர் மீள்வதரிது. அவரைத் தூக்கப் பாதுகாப்பின்றிப் பின்னால் இறங்குபவருக்கும் அதே கதிதான். இவற்றைச் சொல்லும் எச்சரிக்கைப் பலகைகள் அங்கே ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன.

2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச்சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களைக் கசடு மூழ்கடித்தது. 10 உயிர்கள் போயின. மாண்டவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தத் துயரச் செய்தி என்னை உலுக்கியது. எங்கள் கூடத்திலும் வங்காள இளைஞர்கள் இருந்தனர்.

பலகைகளைத் தமிழிலும் இந்தியிலும் வங்காளியிலும் எழுத அனுமதி கேட்டேன். நிர்வாகம் மறுக்கவில்லை. மொத்தம் ஆறே வாக்கியங்கள். ஏஜென்சியில் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். இங்கே ஐந்து வாரங்கள் ஆயின. ஒவ்வொரு வாக்கியத்தையும் தொழிலாளரிடம் படித்துக் காட்டி, என்ன விளங்கிற்று என்று கேட்டேன். "அபாயகரமான வாயு" என்பதைவிட "நாத்தம் அடிக்கலைன்னாலும் இறங்காதே" என்பதே உடனே விளங்குகிறது என்றார் ஒரு பெரியவர். எழுதப் படிக்கத் தெரிந்த வங்காள இளைஞர் ஒருவர் தம் மொழியில் எழுதித் தந்தார். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஓவியமும் சேர்த்தோம். புதிதாக வேலைக்கு வருபவரை முதல் நாளே பலகையின் முன் நிறுத்தி வாசித்துக் காட்டும் வழக்கமும் ஏற்பட்டது.

அந்த ஐந்து வாரங்களை எந்த டைம் ஷீட்டில் எழுதுவது? என் வாழ்நாளில் நான் எழுதியவற்றுள் மதிப்பு மிக்கவை அந்த ஆறு வாக்கியங்களே என்று இன்றும் நம்புகிறேன். ஏஜென்சியில் எழுதியது கையைவிட்டுப் போய்விடும். இங்கோ, என் சொல்லைப் படிப்பவரின் முகத்தை நாள்தோறும் காண முடிந்தது.

மறு ஆண்டு, சென்னையிலிருந்து பழைய நண்பர் மூலம் ஓர் அழைப்பு வந்தது. ஒன்றரை மடங்கு சம்பளம். நானும் மனைவியும் தாளும் பேனாவுமாக அமர்ந்தோம். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், பேருந்துச் செலவு எல்லாம் கழித்தபின் மிஞ்சிய தொகை சிறியதே. அதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டியவை, மஃரிபுக்குப் பின் மகளுக்குப் பாடம் சொல்லும் ஒரு மணி நேரமும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் தொடங்கியிருந்த தமிழ் வகுப்பும். அழைப்புக்கு நன்றி சொல்லி மறுத்துவிட்டேன். அந்த மாலை வகுப்பே பின்னாளில் என்னை முழுநேர ஆசிரியனாக்கிற்று.

பரபரப்பான வேலையை விட்டு நிதானமான வேலைக்கு வரும் சகோதரர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். முதல் சில மாதங்களின் வெறுமையைக் கண்டு அஞ்சி ஓடாதீர்கள். ஓடிப் பழகிய கால் நின்றதும் சிறிது நேரம் நடுங்கத்தான் செய்யும். உங்கள் வேலைக்கு நீங்களே நாள் குறியுங்கள். உங்கள் மேசைக்கு அப்பால் அந்நிறுவனத்தில் யார் எதைச் செய்கிறார்கள் என்று சென்று பாருங்கள். மிச்சமாகும் மாலை நேரத்தை ஒருவருக்கென்று ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கைப்பேசி அதை எடுத்துக்கொள்ளும்.

இல்லத்தரசிகளுக்கும் ஒரு வார்த்தை. 'சும்மாதானே இருக்கிறீர்கள்' என்னும் சொல் அப்போது ஓர் ஆண்மகனை ஆழமாகக் காயப்படுத்தும். அதற்குப் பதிலாக, பிள்ளையின் பாடப் புத்தகத்தை அவர் கையில் கொடுங்கள். தம்மை எதிர்பார்க்கும் ஒரு வேலை வீட்டில் காத்திருக்கிறது என்று தெரிந்தால், வேகம் குறைந்த வாழ்க்கைக்கு அவர் விரைவிலேயே பழகிக்கொள்வார்.