உழைச்செல்வார்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிப் பாட்டு, நோயாளி, மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என நான்கினை எண்ணுகின்றது. வகுப்பில் இதனைப் பயின்ற ஞான்று, உழைச்செல்வான் என்பதற்குப் பக்கத்தில் நின்று பேணுவோன் என ஏட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டு அப்பாற் சென்றேம். தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் பெற்றேம். அச்சொல்லின் பொருளை உள்ளபடி அறிந்தது, சென்ற கோடை விடுமுறையில் ஓர் ஆஸ்பத்திரியின் நடைவழியில் வெட்கித் தலைகுனிந்து நின்ற வேளையிலேயாகும்.

எம் தந்தையார் அரிசி மண்டி வைத்திருப்பவர். மூட்டை தூக்கிப் பழகிய உடலினர். வலப்பக்கத்து அடிவயிற்றில் தோன்றிய குடலிறக்கத்தை ஈராண்டு மறைத்துவைத்திருந்து, நோவு பொறுக்கலாற்றாத பின்னரே மருத்துவரிடம் காட்டினார். அறுவை செய்து, வலை வைத்துத் தைத்தல் வேண்டும் என்றனர். முதல்நாள் மாலையில் அவரை ஆஸ்பத்திரியிற் சேர்த்தேம். இரவில் துணையிருக்கும் பொறுப்பும் எம்முடையதாயிற்று.

செவிலியர் ஒருவர் வந்து பல கேள்விகள் கேட்டார். பெயர் யாது? எப்பக்கத்து நோய்? ஒவ்வாத மருந்து உண்டா? ஆடும் பல் உண்டா? இரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்பதுண்டா? பின்னர், "நள்ளிரவுக்கு மேல் உணவும் பாலும் ஆகா, வெறுந் தண்ணீர் மட்டும் காலை ஆறு மணி வரை அருந்தலாம்" என்றார். யாம் மடியில் விரித்திருந்த சிலப்பதிகாரத்தினின்றும் கண்ணெடாமலே தலையசைத்தேம். ஒரு நாழிகை கழித்து மற்றொரு செவிலியர் வந்து அதே கேள்விகளைக் கேட்டார். "என் பெயரை ஒரு தரம் எழுதிவைத்துக்கொள்ளத் தெரியாதா?" என்று தந்தையார் முணுமுணுத்தார். யாமும் உடன் நகைத்தேம்.

காப்பியின்றித் தந்தையாருக்குப் பொழுது விடியாது. நாலரை மணிக்கு எழுந்து, "தலை இடிக்கிறதடா, அரை டம்ளர் போதும்" என்றார். வாயிலுக்கு எதிரிலிருந்த கடையில் வாங்கிக் கொடுத்தேம். இரவெல்லாம் அவர் தண்ணீர் கேட்டபொழுது ஆகாதென்று தடுத்தவரும் யாமே! விலக்காததை விலக்கி, விலக்கியதைக் கொடுத்தேம்.

ஏழு மணிக்குச் செவிலியர் வந்து, "ஏதேனும் அருந்தினீர்களா, ஐயா?" என்றார். "ஒன்றுமில்லை" என்றார் தந்தையார். செவிலியர் எம்மைப் பார்த்தார். யாம் சுவரைப் பார்த்தேம்.

அறுவைக் கூடத்தின் வாயிலில் வேறொரு செவிலியர் கையில் ஒரு தாளுடன் நின்றார். பெயரைக் கேட்டார், வலப்பக்கத்தில் மருத்துவர் மையால் இட்ட குறியைப் பார்த்தார். பின், "கடைசியாக என்ன அருந்தினீர்கள்? எத்தனை மணிக்கு?" என்றார். இக்கேள்விக்கு இல்லையென்று விடை கூறுதல் இயலாது. தந்தையார் எம் பக்கம் திரும்பினார். எமக்கு நா வறண்டது. பால் கலந்த காப்பி என்பதையும், நாலரை மணி என்பதையும், வாங்கிக் கொடுத்தவர் யாம் என்பதையும் சொல்லி முடித்தேம்.

அவர் சினந்திலர். உள்ளே சென்று திரும்பி, அறுவை பிற்பகல் ஒரு மணிக்கு மாற்றப்பட்டதென்றார். அன்னையார் கண்ணீர் விட்டார். தந்தையாரோ முகத்தைச் சுவர்ப்புறம் திருப்பிக்கொண்டு, அதுவரை எம்மோடு ஒரு சொல்லும் பேசவில்லை.

முதுகில் ஊசியிட்டு இடுப்பின்கீழ் மரக்கச் செய்யும் அறுவைக்கு வயிறு வெறுமையாய் இருப்பானேன் என்று அச்செவிலியரையே கேட்டேம். "அம்மருந்து சிலருக்குப் போதாமற் போகும், தம்பி. அப்பொழுது முழு மயக்கம் கொடுக்க நேரும். மயங்கினவர் வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலிற் புகுந்தால் உயிருக்கே கேடு" என்றார். இக்கேட்டினை மெண்டெல்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் பிரசவ காலத்து மயக்கத்திற் கண்டு 1946ஆம் ஆண்டில் விரித்தெழுதினார் என்பதைப் பின்னர் நூலகத்திற் படித்தேம். அவர் கையிலிருந்தது போன்ற தாளுக்கும் ஒரு வரலாறு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டில் 19 வினவற்பாடுகள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மயக்கமருந்துக்கு முன்னும், கத்தி படுவதற்கு முன்னும், நோயாளி கூடத்தைவிட்டு வெளியேறுவதற்கு முன்னும் நின்று கேட்க வேண்டியவை அவை. புதுதில்லி உள்ளிட்ட 8 நகரங்களில் இதனைக் கையாண்டு பார்த்ததில், இறப்பு நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8ஆகக் குறைந்ததென 2009இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. யாம் நகைத்தது இத்தகைய கேள்விகளையே.

உள்ளே நடந்ததைத் தந்தையார் விழித்திருந்து செவியாற் கேட்டார். மருத்துவர் தைக்கத் தொடங்கும் வேளையில், "பொறுங்கள், எண்ணி முடியவில்லை" என்று ஒரு பெண்குரல் தடுத்ததாம். உதிரம் ஒற்றும் துணிகளையும் ஊசிகளையும் இருவர் உரக்க எண்ணி, கணக்கு ஒத்த பின்னரே தையல் நடந்ததாம். "நம் கணக்குப்பிள்ளை மூட்டை எண்ணுவதைவிடக் கண்டிப்பு" என்று அவர் அன்னையாரிடம் வியந்து கூறினார். எம்மிடம் அன்று.

வெளியே கொணர்ந்தபின் கால்மணிக்கு ஒருமுறை நாடியும் இரத்த அழுத்தமும் பார்த்தனர், கட்டினை நோக்கினர், கால்விரலை அசைக்கச் சொல்லினர். மாலைவரை சிறுநீர் பிரியாதிருந்தது. பெண்ணிடம் அதனைச் சொல்லத் தந்தையார் நாணினார். செவிலியர் தாமே கேட்டறிந்து, அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்து, மரப்பு நீங்கியதைத் தெளிந்தபின், அவரைத் தாங்கிப் பிடித்து நிறுத்தி, குழாயைத் திறந்துவிடுமாறு எம்மை ஏவினார். நீரோசை பயன் தந்தது! இருமும்பொழுது தையலின்மேல் தலையணையை அழுத்திக்கொள்ளவும் கற்பித்தார்.

இரவில், "நோவு பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு, ஐயா?" என்றார். "ஒன்றுமில்லை" என்றார் தந்தையார். செவிலியர் மறுமொழி கூறாது, கட்டிற் கம்பியை இறுகப் பற்றியிருந்த அவர் கையையே நோக்கினார். இம்முறை யாம் சுவரைப் பார்த்திலேம். ஆறு இருக்கும், இருமினால் எட்டு என்றேம். தந்தையார் எம்மை முறைத்தார்; பிறகு மெல்லச் சிரித்தார். ஊசி இட்டபின் உறங்கிப்போனார்.

மறுநாள் விடியற்காலையில் அவருக்காகக் காப்பி வாங்கி வந்தேம். டம்ளரைக் கையில் வாங்கியவர் உதட்டருகே கொண்டுசென்று நிறுத்தி, "அந்த அம்மாவைக் கேட்டாயா?" என்றார்.

யாம் போய்க் கேட்டுவந்தேம்.