மர ரேகையைத் துலக்கும் மெருகு: தென்சென்னைப் பாலிஷ் தொழிலாளரின் தேர்வுகள்

மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த மாட வீதிகளிலும் அவற்றிலிருந்து பிரியும் சந்துகளிலும் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளின் நிலைக்கதவுகள், திண்ணைத் தூண்கள், கூடத்து ஊஞ்சற்பலகைகள் ஆகியவற்றுள், பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதியாயிருந்த 1937க்கு முற்பட்ட காலத்தில் கப்பலேறி வந்த தேக்கினால் ஆனவை உண்டு. அவற்றின் மேல் தலைமுறை தலைமுறையாக ஏறிய எனாமல் பூச்சைச் சுரண்டி, அடியில் மறைந்த ரேகையை மீண்டும் வெளிக்கொணர்வோரை இப்பகுதியில் பாலிஷ்காரர் என்பர். மரத்தை அறுத்து இணைக்கும் ஆசாரியின் பணி முடிந்த இடத்தில் இவர்களது பணி தொடங்குகிறது. எந்த மரத்துக்கு எந்த மெருகு என்னும் அவர்களது தேர்வே அம்மரத்தின் தோற்றத்தைப் பல ஆண்டுகளுக்கு முடிவு செய்கிறது.

ரேகை என்பது மரத்தின் வளர்ச்சி வளையங்களும் நீரைக் கடத்திய நுண்குழல்களும் அறுப்பின்போது வெட்டுப்பட்டுப் பரப்பில் விடும் வரிகளாகும். இழைத்து உலர்ந்த பரப்பில் அக்குழல்களின் வாய்கள் காற்றால் நிறைந்திருக்கின்றன. காற்றின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1 ஆகவும் மர இழையினுடையது 1.5ஐ ஒட்டியும் இருப்பதால், விழும் ஒளி மேற்பரப்பிலேயே சிதறி, மரம் வெளிறித் தோன்றுகிறது. அரக்கு, எண்ணெய் ஆகியவற்றின் ஒளிவிலகல் எண்ணும் 1.5ஐ ஒட்டியதாகையால், அவை காற்றை அகற்றிக் குழல்களை நனைத்ததும் சிதறல் குறைந்து, ஒளி மரத்துக்குள் சற்று ஆழம் சென்று திரும்புகிறது. நிறம் செறிந்து, இழைகள் சாயும் திசைக்கேற்ப மின்னுவதும் அதனால்தான். ஆகவே நல்ல மெருகு மரத்துக்குப் புது நிறம் ஏற்றுவதில்லை; மரத்திலுள்ள நிறத்தைக் கண்ணுக்கு எட்டச் செய்கிறது.

தேர்வின் முதற்படி மரத்தை அறிதலாகும். நடுத்தண்டின் முதிர்ந்த, கருத்த பகுதியை வைரம் என்றும் பட்டையை அடுத்த வெளுத்த, மென்மையான பகுதியை வெளிறு என்றும் தச்சர்கள் பிரிப்பர். ஒரே பலகையில் இரண்டும் வந்தால் மெருகு இரண்டிலும் ஒன்றுபோல் இறங்குவதில்லை. தேக்கின் இயற்கை எண்ணெய், சில வார்னிஷ்கள் உலர்வதையும் பிடிப்பதையும் தடுக்குமாதலால், அத்தகைய பூச்சுக்கு முன் பரப்பைத் தின்னர் தோய்த்த துணியால் துடைப்பர். ஈட்டி மரத்தின் சாயம் ஸ்பிரிட்டில் கரைந்து அருகிலுள்ள வெளிர்மரத்தில் படரக்கூடும். வேலையில் மிகுந்த நேரம் கொள்வது உப்புத்தாள் தேய்ப்பே. 80, 120, 180, 220 எனக் கரட்டிலிருந்து நயத்துக்குப் படிப்படியாக, ரேகையின் போக்கிலேயே தேய்க்கப்படுகிறது. குறுக்கே விழுந்த ஒரு கீறல் வெறும் மரத்தில் புலப்படாவிடினும் மெருகு ஏறியவுடன் துல்லியமாகத் தெரிந்துவிடும். நுண்துளைகளை அடைக்கச் சாக்பவுடரைப் பயன்படுத்துவோர் அதில் மரத்தின் நிறத்துக்கேற்ற சாயத்தைக் கலக்கத் தவறினால், காலப்போக்கில் ரேகை முழுதும் வெள்ளைப் புள்ளிகள் எழுகின்றன.

பிரெஞ்சு பாலிஷ் எனப்படும் பழைய முறைக்கு அடிப்படை அரக்கு. புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்த புரசு, மற்றும் இலந்தை முதலிய மரங்களில் வாழும் அரக்குப்பூச்சி சுரக்கும் இப்பிசின் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மாநிலங்களில் மிகுதியாக விளைகிறது. இதற்கென ராஞ்சியை அடுத்த நாம்கும் என்னுமிடத்தில் 1924 முதல் ஓர் ஆய்வு நிறுவனம் இயங்கி வருகிறது. தூய்மையாக்கப்பட்ட அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைத்து, பஞ்சை மெல்லிய பருத்தித் துணியில் பொதிந்த உருண்டையால், மிக மெல்லிய பூச்சுகளாகப் பல முறை தேய்த்து ஏற்றுவர். சென்னையின் காற்று இவ்வேலையில் ஒரு முக்கியக் காரணியாகும். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்வதால், வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில், காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து பூச்சு பால்போல் வெளுத்துவிடுகிறது. எனவே மழைநாளில் இவ்வேலையைத் தள்ளிவைத்து, வெயில் ஏறிய பின்னரே தொடங்குவது நல்ல பாலிஷ்காரரின் இலக்கணம். அரக்குப் பூச்சு சுடுபாத்திரத்தையும் தேங்கிய நீரையும் தாங்காது என்பது உண்மை. எனினும் புதிய பூச்சின் ஸ்பிரிட் பழைய பூச்சைச் சிறிது கரைத்து அதனோடு ஒன்றிவிடுவதால், பழுதுபட்ட இடத்தை மட்டும் சீர்செய்ய முடிகிறது.

மார்கழிக் கச்சேரிகளின் ஊரில் இவ்வறிவுக்கு மற்றொரு களமும் உண்டு. பலாமரத்தில் செய்யப்படும் தஞ்சாவூர் வீணையின் மஞ்சள் நிறம் ஒளி படப்பட ஆண்டுகள் செல்லச் செம்பழுப்பாக முதிர்வதாகும்; அடர்சாயம் பூசினால் அம்முதிர்ச்சி மறைந்துவிடும். குடத்தின் மேற்பலகை அதிர வேண்டியது என்பதால், அதன் மீது தடித்த பூச்சு ஏறுவது நாதத்துக்கும் ஊறாகும். ஆதலால் மெல்லிய அரக்கு மெருகு இங்கே கண்ணுக்கும் செவிக்கும் ஒருங்கே பொருந்துகிறது.

1920களில் ஏரி நிலத்தில் உருவாக்கப்பட்ட தியாகராய நகரில் இன்று மிகுந்துள்ள அடுக்ககங்களின் நிலைமை வேறு. அங்கே அலமாரிகள் பெரும்பாலும் ஒட்டுப்பலகையின் மேல் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள வினீர், அதாவது சீவியெடுத்த மரத்தோல், ஒட்டப்பட்டவை. உப்புத்தாளைச் சற்று அழுத்தினாலும் ரேகை தேய்ந்து அடிப்பலகை வெளிப்பட்டுவிடும். இவற்றுக்கு மெலமைன், பாலியூரித்தேன் ஆகிய பூச்சுகளே பெரிதும் விரும்பப்படுகின்றன. இரு திரவங்களைக் கலந்து வேதிவினையால் இறுகச் செய்யும் இவை நீரையும் கீறலையும் நன்கு தாங்குவன. ஆயின் மீண்டும் கரையாதவையாதலால், பழுதானால் முழுப் பரப்பையும் தேய்த்தெடுக்க நேரும். அடையாற்றின் கடலோரத் தெருக்களில் வெயில்படும் வாயிற்கதவுக்கோ, மரத்தின் லிக்னினைச் சிதைத்துச் சாம்பல் நிறமாக்கும் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் கலந்த வெளிப்புறப் பூச்சே ஏற்றது. அரக்கு அங்கே நிலைக்காது. இவ்வாறு மரம், இடம், பின்னாளில் பழுதுபார்க்கும் வழி ஆகிய மூன்றையும் சேர்த்து எடைபோடுவதே தேர்வாகும். பளபளப்பை மட்டும் அளவுகோலாகக் கொள்வது மரத்துக்குச் செய்யும் தீங்கு.

இத்தேர்வின் சுமை தொழிலாளியின் உடல்மீதும் விழுகிறது. மெலமைன் வெளிவிடும் ஃபார்மால்டிஹைடு கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். இரு திரவப் பாலியூரித்தேனைத் தெளிக்கும்போது எழும் ஐசோசயனேட் துகள்கள் ஆஸ்துமாவை உண்டாக்க வல்லவை. முகத்தில் கட்டிய கைக்குட்டை அவற்றைத் தடுக்காது. வேதிப்புகையை வடிகட்டும் முகக்கவசமும் திறந்த சன்னலும் வேண்டும். அவற்றின் செலவை வேலை கொடுப்பவர் ஏற்பதே நியாயம். சதுர அடிக்கு இவ்வளவு எனக் கூலி பேசும் வழக்கம், பல நாள் தேய்த்து ஏற்ற வேண்டிய அரக்கு மெருகுக்கு எதிராகவும், ஒரே நாளில் தெளித்து முடிக்கும் பூச்சுக்குச் சார்பாகவும் இயங்குகிறது. நூறாண்டுத் தேக்குக்கதவு உடையவர் நாட்கூலி பேசி, அதே மரத்தின் துண்டொன்றில் மாதிரி போட்டுப் பார்த்து, மழைக்காலம் கழியும் வரை காத்திருக்க இசைந்தால், அரக்கின் பக்குவம் அறிந்த கைகளுக்கு வேலை தொடரும். அக்கைகள் பழகிய வித்தை அடுத்த தலைமுறைக்குக் கைமாறுவதும் அவ்வேலையின் வழியாகவே நிகழ முடியும்.