தலைகீழ் ரம்பத்தின் பூர்வீகம்

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் மரப்பட்டறை நடத்துகிறவர்கள் பலரிடம் இந்த மேஜை இருக்கும். மேலே பிளைவுட் பலகை, அதன் நடுவில் நீளமாக ஒரு வெட்டு, அந்த வெட்டு வழியே எட்டிப் பார்க்கும் வட்டப் பிளேடு. குனிந்தால், அடியில் மார்பிள் கட்டர் தலைகீழாகத் தொங்கும். கல் அறுக்க வந்த மிஷின். பிளேடை மாற்றி மரத்துக்குப் பழக்கியிருப்பார்கள். கம்பெனி ரம்ப மேஜை வாங்கப் பணமில்லை, வாங்கினாலும் போட இடமில்லை என்கிறவர்களின் பிழைப்பு இதில் ஓடுகிறது. என் பட்டறையும் அப்படித்தான். இதை முதலில் யார் செய்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆசை.

தொழில் சொல்லித் தந்த ஆசாரியைக் கேட்டேன். "எங்க மேஸ்திரி வச்சிருந்தாரு, பாத்துக்கிட்டோம் தம்பி" என்றார். அந்த மேஸ்திரிக்கு அவருடைய மேஸ்திரி. அந்த வழியில் போனால் ஊர் மாறுமே தவிர பதில் மாறாது. அதனால் மேஜையைப் பாகம் பாகமாகப் பிரித்து, எது எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பலகையின் அடிப்பக்கம். கட்டரில் இருப்பது 110 மி.மீ. பிளேடு. முழுசாக இறக்கினாலும் 30 மி.மீ.யைக் கொஞ்சம்தான் தாண்டும். மேஜைக்கு 18 மி.மீ. பிளைவுட் போட்டால் அந்தக் கனமே பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மிச்சப் பிளேடு இன்னொரு 18 மி.மீ. பலகையை அறுக்காது. அதனால் கட்டரின் பாதம் உட்காருகிற இடத்தை மட்டும் உளியால் குடைந்து 6 மி.மீ. அளவுக்கு மெலிதாக்கி, அந்தப் பள்ளத்தில் பாதத்தை இறுக்கி போல்ட் போடுகிறார்கள். கணக்கும் கைவேலையும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அது.

இடக் கணக்கு தனி. எட்டடி ஷீட்டை மேஜையில் தள்ளி அறுக்கப் பிளேடுக்கு முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி வேண்டும். எங்கள் அறையில் அது நடக்காது. ஷீட்டைத் தரையில் கட்டைகள் மேல் போட்டு, கட்டரைக் கையில் பிடித்துத் துண்டு போட்ட பிறகுதான் மேஜை. ஒரே கட்டர் காலையில் கையில், மதியம் மேஜையில். இந்த இரண்டு வேலைக்கும் இரண்டு பூர்வீகம் என்பது தேடப் போன பிறகுதான் தெரிந்தது.

வட்ட ரம்பம் என்றதும் எல்லோரும் சொல்லும் கதை தபிதா பாபிட்டுடையது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் ஹார்வர்டு ஊரில், ஷேக்கர் சமயத்தார் குடியிருப்பில் வாழ்ந்த பெண். இரண்டு பேர் நீள ரம்பத்தை இழுப்பதைப் பார்த்தாராம். ஒரு பக்க இழுப்பில்தான் மரம் அறுபடுகிறது, மறு இழுப்பு வீண். உடனே ராட்டைச் சக்கரத்தில் பல் வைத்த தகட்டைப் பூட்டினாராம். 1813 என்கிறார்கள். வேலையை உற்றுப் பார்க்கத் தெரிந்தவருக்கு வரும் யோசனை அது. அவருக்கே அந்தப் பெருமை சேர வேண்டும் என்று நானும் விரும்பினேன். ஆனால் 1777லேயே இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டனில் சாமுவேல் மில்லர் காற்றாலை விசையில் ஓடும் அறுப்பு மிஷினுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். வட்ட ரம்பத்தைப் பற்றி அதில் போகிற போக்கில்தான் சொல்கிறார். அப்போதே அது பழகிய சரக்காக இருந்திருக்க வேண்டும். அதே ஊரில் வால்டர் டெய்லர் கடற்படைக் கப்பல்களுக்குக் கப்பி செய்துகொண்டிருந்தார். அவர் பட்டறையிலும் வட்ட ரம்பம் ஓடியது.

எனக்குப் பெரிய திறப்பு சாமுவேல் பெந்தாம். தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தாமின் தம்பி. 1793இல் அவர் வாங்கிய காப்புரிமையில் வெட்டு விட்ட மேஜை இருக்கிறது; பிளேடுக்கு இணையாக நிற்கும் கைடு இருக்கிறது; சாய்த்து அறுக்க நகரும் கைடும் இருக்கிறது. நாங்கள் இன்றைக்கு சி-கிளாம்ப் போட்டுப் பிடிக்கும் கைடு அப்படியே அங்கே நிற்கிறது! அண்ணனுடைய லண்டன் வீட்டையே பட்டறையாக்கி இந்த மிஷின்களைச் செய்தார்கள். ஜெரமி திட்டமிட்ட சிறைச்சாலையில், தொழில் தெரியாத கைதிகளை வைத்து வேலை வாங்குவது நோக்கம். கை பழகாதவருக்கும் கோடு பிசகக் கூடாது என்றால், நேர்த்தி கைடில் இருக்க வேண்டும். என் கணக்கில் மேஜையின் உயிர் அந்தக் கைடுதான், பிளேடு அதற்கு அடுத்தது.

கையில் பிடிக்கும் மிஷின் வெகுகாலம் கழித்து வந்தது. நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் மிஷெல் என்பவர் கரும்பு வெட்டும் கத்திக்கு மோட்டார் பூட்டப் போய், மரம் அறுக்கும் கைரம்பத்தில் வந்து நின்றார். 1924இல் ஜோசப் சல்லிவனோடு சேர்ந்து கம்பெனி தொடங்கினார். பின்னாளில் ஸ்கில்ஸா என்று பேர் வாங்கியது அதுதான். இடமில்லாதவர்களுக்கென்றே 1940களின் கடைசியில் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் ஷாப்ஸ்மித்தைக் கொண்டுவந்தார். ஒரே மோட்டாரில் ரம்பம், கடைசல், துளை என்று ஐந்து வேலை. நம் ஆசாரிகள் வேறு வழியில் போனார்கள். மேஜையை விட்டுக் கைக்கு வந்த ரம்பத்தைக் கவிழ்த்து மறுபடி மேஜைக்கே கொண்டுபோனார்கள்.

போகிற வழியில் ஒன்று விடுபட்டுவிட்டது. பிளேடுக்கு நேர் பின்னால், அறுத்த வாய்க்குள் நிற்க வேண்டிய தகடு. மரத்துக்குள் இழுவிசை உண்டு. அறுக்க அறுக்க வாய் மூடும். மூடினால் பிளேடைக் கவ்வும், பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுகிறபோது பலகையைத் தூக்கி நம் மேலேயே எறியும். கட்டர் நிமிடத்துக்கு 12,000 சுற்று வரை ஓடும். பல் நுனியின் வேகம் மணிக்குச் சுமார் 250 கி.மீ. எங்கள் தொழிலில் விரல் போனவர்களையும் வயிற்றில் அடி வாங்கியவர்களையும் எனக்குத் தெரியும்.

இங்கிலாந்தில் 1922ஆம் ஆண்டு மரவேலை இயந்திர விதிகள் இந்தத் தகட்டைக் கட்டாயமாக்கின. மேஜை மட்டத்தில் பல்லுக்கும் தகட்டுக்கும் அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. இந்தியாவில் 1948 தொழிற்சாலைச் சட்டத்தையொட்டி எழுதிய மாநில விதிகள் பலவற்றிலும் அது வந்தது. ஆனால் மின்விசை உள்ள இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் எட்டிப் பார்த்தது. இரண்டு பேர் வேலை செய்யும் அறைக்கு அது வரவே இல்லை. மார்பிள் கட்டரிலும் அந்தத் தகடு கிடையாது. கல்லின் வாய் மூடாது.

லேத் பட்டறையில் 16 கேஜ் தகட்டை வெட்டச் சொன்னேன். கனம் 1.6 மி.மீ.; என் பிளேடின் உடலைவிடத் தடிப்பு, அது போடும் வெட்டைவிட மெலிவு. முன்விளிம்பைப் பிளேடின் வளைவுக்கு ராவி, அடியை எல் மாதிரி மடித்து, முன்பின் நகர்த்த நீளத் துளை இரண்டு போட்டுப் பலகையின் அடியில் திருகினேன். கைடைப் பிளேடுக்கு இணையாக வைப்பதைவிட இதை நேர்க்கோட்டில் நிறுத்த அதிகப் பொறுமை வேண்டும். ஈரம் காயாத வேப்பஞ்சட்டத்தில் ஓட்டிப் பார்த்தேன். பாதி தூரத்தில் வாய் மூட வந்து தகட்டைக் கவ்விக்கொண்டு நின்றது. பிளேடு தொடாமல் சுற்றியது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. கட்டரின் விசையை அமுக்கிக் கட்டிவிட்டு, சுவர் பிளக்கில் ஆன் பண்ணி ஓட்டும் வழக்கம் எங்கள் அறையிலிருந்து போக வேண்டும். முழங்காலால் தட்டினால் நிற்கிற, கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாத சுவிட்ச் ஒன்றை மேஜைக் காலில் பொருத்தப் போகிறேன்.