அவளைப் பார்க்க யார் வருவார்கள்?

இலண்டனிலும் அதைச் சுற்றியும் உள்ள பாதுகாப்பு மனநல வைத்தியசாலைகளுக்கு மொழிபெயர்க்கப் போகிறவர்கள் நாங்கள். குற்றம் ஒன்றில் சம்பந்தப்பட்டு, மனநோயாளி என்று கண்டதால் நீதிமன்றம் சிறைக்குப் பதிலாக அனுப்பியவர்கள் இருக்கும் இடங்கள் அவை. பின்னால் ஒரு கதவு பூட்டப்பட்ட பிறகுதான் முன்னால் மற்றக் கதவு திறக்கும். உள்ளே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழில் விதி. ஆகவே எந்த ஆளைப் பற்றியும் இங்கே எழுதவில்லை. எங்கள் கண்ணில் திரும்பத் திரும்பப் பட்ட ஒரு வித்தியாசத்தை மட்டும் எழுதுகிறோம்.

ஆண்கள் வாட்டில் பார்வையாளர் நேரத்தில் அம்மா இருப்பா, சில வேளை அக்காவும் இருப்பா. "என்ர பிள்ளை வருத்தக்காரன், தெரியாமல் செய்துபோட்டான்" என்று அழுவார்கள். பெண்கள் வாட்டில் அந்தக் கதிரைகள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். நோய் ஒன்றுதான், மனச்சிதைவு. ஆனால் அவளைப் பற்றிக் கதைக்கும்போது எங்கள் சனங்களின் வாயில் 'வருத்தக்காரி' என்ற சொல் வருவதில்லை. "அவளும் ஒரு தாயா?" என்றுதான் கேட்கிறார்கள்.

இந்த வித்தியாசத்துக்கு நோயின் போக்கிலும் ஒரு காரணம் உண்டு. மனச்சிதைவு ஆண்களுக்குப் பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்திலேயே தலைகாட்டிவிடும். பெண்களுக்குச் சராசரியாகச் சில வருடங்கள் பிந்தித்தான் வரும். நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு முதன்முதலாக வருவதும் அவர்களிடையேதான் கூட. அதற்குள் அவள் கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்றிருப்பாள். அவனைப் பார்க்க வருவது தாய். அவளோ தானே தாய். அவளுடைய பிள்ளைகளை நீதிமன்றம் வேறு வீட்டில் விட்டிருக்கும், புருசன் விலகியிருப்பான். யார் வருவார்கள்?

அமெரிக்காவில் மனநல வைத்தியசாலைகளிலிருந்து வெளியேறியவர்களை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்தது மக்ஆர்தர் ஆய்வு. ஆண் பெண் வித்தியாசம் பற்றிய அதன் முடிவுகள் 2003இல் வெளிவந்தன. அந்த ஒரு வருடத்தில் வன்முறையில் ஈடுபட்டவர்களின் விகிதம் இருபாலாரிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆனால் பெண்களின் வன்முறை கூடுதலாக வீட்டுக்குள், குடும்பத்தவர்மீது நடந்தது; காயம் வைத்தியம் தேடுமளவுக்குப் போவதும், பொலிஸ் கைதுசெய்வதும் குறைவு. அதாவது அவளுடைய நோய் கதவுக்குப் பின்னாலேயே வளர்கிறது. 'குசினிக்குள்ள தனியக் கதைக்கிறாள்' என்று வீட்டுக்காரருக்குத் தெரியும், வெளியே சொல்வதில்லை.

ஒன்றை மறக்கக்கூடாது. மனச்சிதைவு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. மற்றவர்களால் துன்பப்படுவதுதான் அதிகம். பாதுகாப்பு வாட்டுகளுக்கு வரும் பெண்களின் கோவைகளில் சிறுவயதில் பட்ட கொடுமைகளும் தற்கொலை முயற்சிகளும் நிறைய. ஆண்களின் கோவைகளில் மதுவும் போதைப்பொருளும் கூட.

1863இல் புறோட்மூர் திறக்கப்பட்டபோது முதலில் அனுமதிக்கப்பட்டவர்கள் பெண்களே. ஆண்கள் அடுத்த வருடம்தான் வந்தார்கள். அந்தப் பெண்களில் பலர் தம் சொந்தக் குழந்தைகளைக் கொன்றவர்கள். 2007இல் அங்கே பெண்கள் பகுதி மூடப்பட்டது. அதன் பிறகு இங்கிலாந்தில் அதியுயர் பாதுகாப்பு தேவைப்படும் பெண்களுக்கு நொட்டிங்காம்ஷயரிலுள்ள றாம்ப்டன் மட்டுமே. ஆண்களுக்கு இன்னமும் மூன்று வைத்தியசாலைகள். இலண்டனிலிருந்து ஒரு தாய் மகளைப் பார்க்கப் போவதென்றால் ஒரு நாள் போய்விடும்.

1983ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 37ஆம், 41ஆம் பிரிவுகளின் கீழ் வைக்கப்பட்டவருக்கு இத்தனை வருடம் என்ற கணக்குக் கிடையாது. வெளியே விடுவது பற்றிப் பேச்சு வரும்போது, எங்கே போய் இருப்பீர்கள், யார் துணை என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை நாங்கள் தமிழில் சொல்வோம். ஆண்கள் பலர் அம்மாவின் விலாசத்தைச் சொல்வார்கள். பெண்கள் எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

ஒரு தமக்கை, ஒரு மச்சாள், பழைய பள்ளிக்கூடச் சிநேகிதி, யாராவது ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை போகலாம். அவள் செய்ததைச் சரியென்று சொல்லத் தேவையில்லை. கதிரையில் போய் இருந்தால் போதும்.