கொட்டியாரக் குடாவின் அக்கரையில்

திருகோணமலை நகரிலிருந்து பார்த்தால் கொட்டியாரக் குடாவின் அக்கரை ஒரு நீலக் கோடாகத் தெரியும். அங்கேதான் மூதூரும் சம்பூரும் இருக்கின்றன. முன்னர் அங்கு போவதென்றால் லோஞ்சில் ஏற வேண்டும், அல்லது கிண்ணியாவில் பாதைக்குக் காத்து நிற்க வேண்டும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் பஸ்ஸிலேயே போய் வரலாம். எண்ணெய்க் குதங்கள் உள்ள சீனக்குடாவைத் தாண்டி, குடாவைச் சுற்றிக்கொண்டு போகும் பாதை அது.

இளைஞர் யுவதிகளிடம் எச்.ஐ.வி. பற்றிப் பேசுவது எனது வேலைகளில் ஒன்று. ஒருநாள் அக்கரைக் கிராமமொன்றின் மாதர் சங்கக் கட்டடத்தில் கூட்டம். 2006 இல் இடம்பெயர்ந்து, முகாம்களில் பல வருடங்கள் கழித்துத் திரும்பி வந்த குடும்பங்கள் அங்கு அதிகம். பிள்ளைகளோடு தாய்மாரும் வந்திருந்தார்கள்.

"எங்கட ஊரில எயிட்ஸ் எங்க பிள்ளை இருக்கு? கிணறும் றோட்டும் பற்றிக் கதையுங்கோவன்" என்றார் ஒரு அம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. இலங்கையில் முதல் தொற்று 1987 இல் பதிவானது. இன்றும் வளர்ந்தவர்களில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவானவர்களிடமே இது உள்ளது. தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என 2019 இல் உலக சுகாதார நிறுவனம் எம்மை அங்கீகரித்தது. ஆனால் அண்மைக் காலத்தில் புதிதாக இனங்காணப்படுவோரில் இளம் ஆண்கள் கணிசமானோர். குறைவாக இருக்கும் இடத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒருவருக்கு வந்தால் அவர் தனித்துப் போகிறார்.

கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு அக்கா பின்னாலேயே வந்தார். கணவரை யுத்தத்தில் இழந்தவர். "தங்கச்சி, என்ர மகன் வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுத்தவன். இரத்தத்தில பிழை எண்டு ஏஜென்சிக்காரன் போனில என்னட்டச் சொன்னவன். ஒரு மாதமா அவன் அறையை விட்டு வெளிய வாறான் இல்லை. நான் அவன்ர கோப்பையை வேறையாக் கழுவுறன்" என்று அழுதார்.

அந்தக் கோப்பை என்னைச் சுட்டது. சில வருடங்களுக்கு முன் அதே கட்டடத்தில் மண்டையோட்டுப் படத்தைத் தூக்கிக் காட்டிப் பேசியவள் நான்தான். பயத்தை ஊட்டினேன், எப்படித் தொற்றாது என்பதைச் சொல்ல மறந்தேன்.

ஒரே கோப்பையில் சாப்பிடுவதாலோ, ஒரே கிணற்றில் குளிப்பதாலோ, நுளம்பு கடிப்பதாலோ இது தொற்றாது. பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், தொற்றுள்ள ஊசி, சிகிச்சை பெறாத தாயிடமிருந்து குழந்தைக்கு: வழிகள் இவைதான். முதற் பரிசோதனையில் "பிழை" என்று வந்தால் அது முடிவல்ல; மறுபரிசோதனையில் உறுதிப்படுத்த வேண்டும். ஒருவரின் முடிவை அவரது அனுமதியின்றி வேறொருவரிடம், தாயிடம்கூடச் சொல்லக்கூடாது.

அடுத்த வாரம் தாயும் மகனும் அதே பஸ்ஸில் நகருக்கு வந்தார்கள். திருகோணமலை வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு மூவரும் போனோம். அங்கு பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். ஒழுங்காகக் குளிசை எடுத்து, இரத்தத்தில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவால் மற்றவருக்குத் தொற்றாது என்பதையும் அந்தப் பிள்ளை அன்றுதான் அறிந்தான்.

அவனுடைய முடிவு என்ன என்று நான் இங்கே எழுதமாட்டேன். அது அவனுக்குரியது.

டொக்டர் கமலிகா அபேரத்ன என்ற குழந்தை வைத்தியர் 1995 இல் விபத்தொன்றின் பின் ஏற்றப்பட்ட இரத்தத்தால் தொற்றுக்குள்ளானார். அதை வெளிப்படையாகச் சொல்லி, மற்றவர்களுக்காகவும் குரல் கொடுத்தார். எல்லோருக்கும் அந்தத் துணிவு வராது. வராதவர்களையும் நாம் காப்பாற்ற வேண்டும்.

கடைசியாக அக்கரைக்குப் போனபோது அந்த அக்கா சோறு போட்டார். மகனும் பக்கத்தில் இருந்தான். கழுவிக் கவிழ்த்த கோப்பைகள் ஒரே தட்டில் இருந்தன. எது யாருடையது என்று தெரியவில்லை.

சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளோடு இதைப் பற்றிக் கதையுங்கள். வெட்கம் கொஞ்ச நேரம்தான் இருக்கும்.