என்ஜின் பிடித்துக்கொண்டால் காயலான் கடையா, பட்டறையா?

விருத்தாசலம் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது ரயில்வே ஜங்ஷன், பழமலைநாதர் கோயில், அப்புறம் பீங்கான். அந்தப் பீங்கான் பட்டறைகளில் ஒன்றின் பின்பக்கம், தகரக் கொட்டகைக்குக் கீழே, ஒரு அம்பாசிடர் ஆறு வருடமாக நின்றுகொண்டிருந்தது. பட்டறைக்காரரின் அப்பா ஓட்டிய வண்டி. அப்பா போன பிறகு யாரும் எடுக்கவில்லை. ஒருநாள் புது பேட்டரி மாட்டி சாவியைத் திருகினார். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான்!

காயலான் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு 30,000 தருகிறேன் என்றார். மெக்கானிக் முழு என்ஜின் வேலைக்கு 60,000 ஆகும் என்றார். என்ன செய்வது?

முதலில், என்ஜின் நிஜமாகவே பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரின் பல் ஃப்ளைவீலில் சிக்கிக்கொண்டாலும் இதே 'டக்' சத்தம்தான் வரும். டைனமோவோ வாட்டர் பம்ப்போ இறுகிப்போனாலும் என்ஜின் சுற்றாது. ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, ஸ்டார்ட்டரை இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். இதைச் செய்யாமலே எடைக்குப் போன நல்ல என்ஜின்கள் எத்தனையோ!

இந்த வண்டியில் அதெல்லாம் சரியாகவே இருந்தது. பிஸ்டன்தான் பிடித்திருந்தது. அப்போது மெக்கானிக் ஒரு விஷயம் சொன்னார்: "அண்ணே, நின்னு பிடிச்ச என்ஜின் வேற, ஓடிப் பிடிச்ச என்ஜின் வேற."

பீங்கான் ஊர்க்காரருக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். பச்சை மண்ணில் செய்த பொம்மை உடைந்தால் தண்ணீர் விட்டுக் குழைத்து மறுபடி செய்துவிடலாம். சூளையில் வெந்த பிறகு விரிசல் விட்டால் ஒன்றும் செய்ய முடியாது. நின்று பிடித்த என்ஜின் பச்சை மண் மாதிரி. ஈரத்தில் சிலிண்டர் சுவரும் பிஸ்டன் ரிங்கும் துருவால் ஒட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். ஆயில் இல்லாமலோ, தண்ணீர் வற்றிச் சூடேறியோ ஓட்டத்தில் பிடித்தது அப்படியல்ல. உலோகம் உலோகத்தை உரசித் தின்றிருக்கும். பேரிங், கிராங்க் எல்லாம் அடிபட்டிருக்கும். பிளாக்கில் விரிசல் இருந்தால் பெரும்பாலும் கதை முடிந்தது.

அடுத்த கேள்வி ஸ்பேர். அம்பாசிடர் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்த வண்டி. 1950களின் கடைசியில் தொடங்கி 2014 மே வரை உத்தர்பாராவில் தயாரானது. அதனால் அந்தப் பழைய 1489 சிசி பெட்ரோல் என்ஜினுக்கு பிஸ்டனும் ரிங்கும் தேடினால் இன்றும் கிடைக்கும். நம்ம மெட்ராஸிலேயே 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அந்தக் கம்பெனி 1980களின் இறுதியிலேயே மூடப்பட்டது. அதற்கு ஒரு சின்ன ஸ்பேருக்குக்கூட புதுப்பேட்டையில் கடை கடையாக அலைய வேண்டும்.

இனி கணக்கு. வேலைக்கு 60,000. பதிவைப் புதுப்பிக்கத் தனிச் செலவு. கார்களுக்கு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025இல் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். இதோடு காயலான் கடைக்காரர் தருவதாகச் சொன்ன 30,000ஐயும் சேர்க்க வேண்டும். கையிலிருந்து போகாவிட்டாலும், வேண்டாம் என்று விடுகிற பணமும் செலவுதான். மொத்தம் ஒரு லட்சம். ஓடும் நிலையில் அந்த வண்டியை விற்றால் 80,000 வரலாம்.

முன்பே டயருக்கும் பெயின்ட்டுக்கும் போட்ட 25,000? அதை மறந்துவிட வேண்டும். எந்த முடிவு எடுத்தாலும் அது திரும்பி வராது. "இவ்வளவு போட்டாச்சே" என்ற வார்த்தையால் மூழ்கியவர்கள்தான் அதிகம்.

ஆக, துண்டு விழுவது 20,000. இப்போது கேள்வி மாறிவிட்டது. என்ஜினைக் காப்பாற்றுவது லாபமா என்றால் இல்லை. அப்பாவின் வண்டி தன்னிடமே இருக்க 20,000 கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி. அதற்கு மெக்கானிக்கால் பதில் சொல்ல முடியாது, கணக்குப் புத்தகத்தாலும் முடியாது.

பட்டறைக்காரர் ஒரு ராத்திரி யோசித்தார். கொடுக்கலாம் என்றார். ஆனால் ஒரு கோடும் போட்டார்: பிளாக்கில் விரிசல் இருந்தால் அதோடு நிறுத்திவிடுவது.

பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டார்கள். ஸ்டார்ட்டரைத் தொடவில்லை, வலுக்கட்டாயமாகச் சுற்றினால் ரிங் உடையும். தினமும் வண்டியை டாப் கியரில் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பார்த்தார்கள். எட்டாம் நாள் ஃபேன் புல்லி ஒரு விரற்கடை நகர்ந்தது!

பிறகு ஹெட்டைக் கழற்றிப் பார்த்ததில் மூன்றாவது சிலிண்டரில்தான் துரு அதிகம். விரிசல் இல்லை. லேத்தில் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் போதும் என்றார்கள்.

காயலான் கடைக்காரர் மறுபடி ஒருமுறை வந்தார். கொட்டகையில் பிஸ்டன்கள் வரிசையாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.