எட்டு டவுன்லோட்

போன வாரம் சித்தி பொண்ணு போன் பண்ணுனா. அரசுக் கல்லூரியில எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறா. "அண்ணா, வெளிநாட்டு ஜர்னல் எல்லாம் எங்க காலேஜ்லயே ஓப்பன் ஆகுதுண்ணா. காசே கேக்கல!"

மத்திய அரசோட 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் அது. 2024 நவம்பர்ல அமைச்சரவை ஒப்புதல் குடுத்து 2025 ஜனவரியில ஆரம்பிச்சாங்க. மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களோட கிட்டத்தட்ட 13,000 ஜர்னல், 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்கு.

என்ன படிக்கிறேன்னு கேட்டேன். ஒரு பூச்சியியல் ஜர்னல் பேரைச் சொன்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஒரு காலத்துல ஒரு யுனிவர்சிட்டியில அந்த ஜர்னலை நிறுத்த வச்சதே நான்தான். (கொசுவத்தி சுத்தப் போறேன், பொறுத்துக்கோங்க மக்களே.)

2019. பி.இ. முடிச்சுட்டு அமெரிக்காவுல எம்.எஸ். சேர்ந்த புதுசு. யுனிவர்சிட்டி பேர் வேணாம். நம்ம பசங்க வழக்கமா பண்ற மாதிரி நானும் லைப்ரரியில பார்ட் டைம் வேலைக்குப் போனேன். புத்தகம் அடுக்குற வேலைன்னு நினைச்சா, சந்தாப் பிரிவைப் பார்த்துக்கிட்ட அம்மா "உனக்கு ப்ரோக்ராம் எழுதத் தெரியுமாமே?"ன்னு கூட்டிட்டுப் போய் உக்கார வச்சாங்க. பட்ஜெட் ஏறல, ஜர்னல் விலை வருஷா வருஷம் ஏறுது, எதையாவது வெட்டணும். எதைன்னு கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை.

எனக்கு முதல்ல புரியவே இல்ல. கட்டுரை எழுதுற பேராசிரியருக்குப் பதிப்பகம் காசு தர்றதில்ல. சரி பார்க்குற இன்னொரு பேராசிரியருக்கும் பெரும்பாலும் கிடையாது. ரெண்டு பேருக்கும் சம்பளம் குடுக்குறது யுனிவர்சிட்டி. அதே கட்டுரையைத் திரும்பக் காசு குடுத்து வாங்குறதும் யுனிவர்சிட்டி. நம்ம வீட்டு மாட்டுப் பாலை நாமளே கறந்து குடுத்துட்டு, டீக்கடையில போய் வாங்கிக் குடிக்கிற கதை. விலை அதிகம்னு வேற கடைக்கும் போக முடியாது. ஒரு ஜர்னல்ல வந்த கட்டுரை அந்த ஜர்னல்ல மட்டும்தான் இருக்கும்.

இதுல மொத்தக் கட்டு வேற. நாலு சேனலுக்காக நானூறு சேனல் பேக்கேஜ் வாங்குற மாதிரி. பல ஒப்பந்தங்கள்ல விலையை வெளிய சொல்லக் கூடாதுன்னு ஷரத்தும் உண்டு.

பணக்கார ஹார்வர்டே 2012-ல, ஜர்னலுக்கு வருஷம் 37.5 லட்சம் டாலர் ஆகுது, சிலது ஒண்ணே 40,000 டாலர் வருது, தாங்க முடியலன்னு தன் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதுச்சு. நம்ம டொனால்ட் க்னூத் தாத்தாவும் 2003-ல, அல்காரிதம் ஜர்னல் ஒண்ணோட ஆசிரியர் குழுவுக்கு, பக்கத்துக்கு என்ன விலை ஆகுதுன்னு கணக்குப் போட்டு நீளமா ஒரு கடிதம் எழுதுனார். குழுவே மொத்தமா ராஜினாமா பண்ணிட்டு வேற ஜர்னல் ஆரம்பிச்சுது. நான் சேர்ந்த 2019-லயே பிப்ரவரி மாசம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட 10 வளாகங்களும் சேர்ந்து எல்செவியர் பேச்சுவார்த்தையை முறிச்சுக்கிச்சு. ரெண்டு வருஷம் தாங்கி, 2021 மார்ச்ல புது ஒப்பந்தம் போட்டாங்க. "அவங்க யானை, நாம ஆட்டுக்குட்டி. நமக்கு எக்ஸெல் ஷீட்தான்"னு எங்க அம்மா சிரிப்பாங்க.

சரி, மேட்டருக்கு வர்றேன். எந்த ஜர்னலை எத்தனை தடவை இறக்குனாங்கன்னு 'கவுன்ட்டர்'ங்கிற பொது வடிவத்துல பதிப்பகங்களே கணக்கு குடுக்கும். விலையை அந்த எண்ணால வகுத்தா ஒரு டவுன்லோடுக்கு ஆகுற செலவு. அந்தக் கட்டுரையை வேற லைப்ரரியில கேட்டு வாங்குற செலவை விட இது அதிகமா இருந்தா சிவப்பு. முப்பது வரி ஸ்கிரிப்ட். ஓட்டுனேன், ஷீட் பூரா ரத்தக் களறி. எனக்கு ஒரே பெருமை! பட்டியலை எல்லாத் துறைக்கும் அனுப்பி ரெண்டு வாரம் டைம் குடுத்தாங்க. வந்த பதில் ரொம்பக் கம்மி. வெட்டியாச்சு.

அடுத்த வருஷம் கவுன்ட்டருக்கு ஒரு அக்கா வந்தாங்க. மதுரைக்காரங்க, பூச்சி ஆராய்ச்சியில பி.எச்டி. தீபாவளிக்குக் கூப்பிட்டுச் சோறு போட்ட அக்கா.

"ஏன்டா தம்பி, என் ஜர்னலைக் காணோம்?"

தேடிப் பார்த்தேன். மூவாயிரத்துச் சொச்சம் டாலர், வருஷத்துக்கு எட்டு டவுன்லோட். சிவப்பு.

"அந்த எட்டும் நான்தான்டா. நான் இறக்கி லேப்ல ஆறு பேருக்கு பென் டிரைவ்ல குடுப்பேன்."

பட்டியல் வந்தப்ப அக்கா களப்பணிக்காகக் காட்டுல இருந்திருக்காங்க. மெயிலே பார்க்கல.

வேற லைப்ரரியில இருந்து வாங்கித் தர்றேன்னேன். தந்தேன். ஆனா அதுக்கும் ஒரு வரம்பு. கடைசி 5 வருஷக் கட்டுரைகள்ல ஒரு ஜர்னலுக்கு வருஷம் 5 வரைக்கும்தான் ராயல்டி இல்லாம வாங்கலாம்ங்கிறது 1978-ல இருந்து அங்க நடைமுறை. ஆறாவதுக்குக் காசு. ஒரு கட்டுரை ஸ்கேனாகி வந்தப்ப, அக்காவுக்கு வேண்டிய இறக்கைப் படம் கறுப்பா அப்பியிருந்துச்சு. தீசிஸ் குடுக்க மூணு வாரம்தான் இருந்துச்சு.

"குறுக்கு வழி ஊருக்கே தெரியும்டா. எனக்குத் தெரியாதா?"ன்னாங்க. அவங்க கோபம் எனக்குப் புரிஞ்சுது. ஆனா அந்த வழியில இறக்குறது எந்தக் கணக்குலயும் வராது. பென் டிரைவும் வராது. அடுத்த வருஷம் ஸ்கிரிப்ட் ஓட்டுறப்ப, ஆளே படிக்காத ஜர்னல்னு இன்னும் நாலு சிவப்பாகும்.

அந்த அம்மாகிட்ட போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. "காசு போயிருச்சு, திரும்ப வாங்க முடியாது. ஆனா அடுத்த தடவை சிவப்பு விழுந்தா, அந்தத் துறைக்கு மெயில் போடாம நேர்ல போய்க் கேளு"ன்னாங்க. போனேன். ரெண்டு ஜர்னல் தப்பிச்சுது.

அக்கா கட்டுரை எழுதுனவருக்கே மெயில் போட்டு நல்ல படத்தை வாங்கிட்டாங்க. தீசிஸ் முடிஞ்சுது. என்னை ஒரு நாளும் திட்டல. அதுதான் இன்னும் உறுத்துது.

என் கணக்குல தப்பு இல்ல. வகுத்தல் சரிதான். எட்டுங்கிற எண்ணுக்குப் பின்னாடி யார் இருக்காங்கன்னு கேக்கத் தோணல, அவ்வளவுதான். அந்த விலையில எதையாவது வெட்டாம லைப்ரரியும் நடக்காது.

சித்தி பொண்ணுகிட்ட ஒண்ணுதான் சொன்னேன். "இறக்கி வாட்ஸப் குரூப்புல போடாதே. ஒவ்வொருத்தியும் தனித்தனியா லாகின் பண்ணி இறக்குங்க. இப்ப ஒதுக்குன காசு 2027 வரைக்கும்தான். அதுக்கப்புறம் எவனாவது என்னை மாதிரி ஒருத்தன் முப்பது வரி ஸ்கிரிப்ட் எழுதுவான்."

"சரிண்ணா"ன்னா. நம்புனாளான்னு தெரியல :)

டிஸ்கி: அந்த ஸ்கிரிப்ட் இன்னும் என்கிட்ட இருக்கு. கேட்டா தர மாட்டேன்.